24 புள்ளி, நாலு ஆட்டம் மிச்சம்: பிளே-ஆஃப் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

உங்கள் கடிதம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பற்றியது. நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள், மச்சான் பொள்ளாச்சியில். நீங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர், அவர் சென்னையின் எஃப்சி ரசிகர். 2025 பிப்ரவரி நடுவில் பிளாஸ்டர்ஸ் 20 ஆட்டத்தில் 24 புள்ளியோடு நின்றபோது "கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கு" என்று நீங்கள் சொல்ல, "எல்லாம் முடிஞ்சுபோச்சு, கொச்சிக்குப் போற காசை மிச்சம் பிடி" என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது சரி, அடுத்த முறை இதை எப்படி நாமே கணக்குப் போடுவது என்பது கேள்வி. நீங்கள் உண்மையில் கேட்பது, "நடக்க முடியுமா" என்பதையும் "நடக்குமா" என்பதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான். முதல் கேள்விக்கு நீங்கள் சொன்னது சரி. இரண்டாவது கேள்விக்கு மச்சான் சொன்னது சரி. தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால்தான் இந்தச் சண்டை ஒவ்வொரு சீசனும் வருகிறது.

முதலில் விதி. ஐஎஸ்எல்லில் 2021-22 வரை முதல் நாலு அணிகள் நேராக செமிக்குப் போயின. 2022-23 முதல் 2024-25 வரை மூன்று சீசன்களில் பிளே-ஆஃபில், அதாவது லீக் முடிந்த பின் கோப்பைக்காக நடக்கும் கடைசிச் சுற்றில், ஆறு அணிகளுக்கு இடம் இருந்தது. முதல் இரண்டு அணிகள் நேரே செமி. 3-ஆம் அணி 6-ஆம் அணியோடும், 4-ஆம் அணி 5-ஆம் அணியோடும் ஒரே ஒரு நாக்-அவுட் ஆட்டம், அதுவும் பட்டியலில் மேலே உள்ள அணியின் மைதானத்தில். இந்த விதி மாறக்கூடியது, மாறியும் இருக்கிறது. ஆகவே எந்த சீசனாக இருந்தாலும் அந்த ஆண்டின் விதியில் எத்தனை இடம், சமபுள்ளி வந்தால் யார் மேலே என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் நாக்-அவுட் கால்பந்து) பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது கொஞ்சம் பழக வேண்டிய விஷயம். அங்கே தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கணக்கே கிடையாது. லீக்கில் அக்டோபரில் விட்ட ஒரு கோல் மார்ச்சில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எல்லாரும் போடுகிற முதல் கணக்கு "உச்சம்". கையில் உள்ள புள்ளியோடு, மிச்ச ஆட்டங்களை மூன்றால் (ஒரு வெற்றிக்கு மூன்று புள்ளி) பெருக்கிக் கூட்ட வேண்டும். 24 கூட்டல் 12, ஆக 36. இந்த எண் ஆறாம் இடத்தில் இருக்கிற அணியின் இன்றைய புள்ளியைவிடக் கூடுதலாக இருக்கிற வரைக்கும் "கணக்குப்படி வாய்ப்பு" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். பொய் இல்லை. ஆனால் பயனும் குறைவு. ஏனென்றால் இது நம் அணி எல்லாவற்றையும் ஜெயிக்கும், மேலே உள்ளவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள் என்று வைத்துப் போடுகிற கணக்கு.

அதைவிடத் தெளிவாகக் காட்டுவது "விட்ட புள்ளி". ஆடிய ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, கையில் உள்ளதைக் கழித்தால் இதுவரை கைவிட்டது எவ்வளவு என்று தெரியும். 20 ஆட்டத்துக்கு 60, அதில் 24 போக 36 புள்ளி விட்டாயிற்று. விட்ட புள்ளி இனிமேல் திரும்பி வராது, கூடத்தான் செய்யும். அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்த மும்பை சிட்டி 24 ஆட்டத்தில் 36 புள்ளி எடுத்தது. அதாவது சீசன் முழுக்க அவர்கள் விட்டதும் 36 புள்ளிதான். அவர்கள் 24 ஆட்டத்தில் விட்டதை நம் அணி 20 ஆட்டத்திலேயே விட்டுவிட்டது. பட்டியலில் பார்க்கும்போது இடைவெளி சின்னதாகத் தெரிந்தாலும் நிலைமை எவ்வளவு இறுகியிருந்தது என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும். ஒரு அணி ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருக்கும்போதும் இதுதான் கைகொடுக்கும். "அவங்களுக்கு ஒரு மேட்ச் கையில இருக்கு" என்ற குழப்பமே வராது, விட்ட புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஆனால் இது முடிந்த பிறகு தெரிந்த எண். பிப்ரவரியில் நிற்கிற ஒருவருக்கு ஆறாம் இடத்தின் கோடு எங்கே விழும் என்பது தெரியாது. அதற்குப் பழைய சீசன்களைப் பார்க்க வேண்டும், ஆனால் புள்ளியாகப் பார்க்கக் கூடாது. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2022-23இல் 20 ஆட்டம், ஆறாவது வந்த ஒடிஷாவுக்கு 30 புள்ளி, ஆட்டத்துக்கு 1.5. 2023-24இல் 22 ஆட்டம், ஆறாவது சென்னையினுக்கு 27, ஆட்டத்துக்கு 1.23. 2024-25இல் 24 ஆட்டம், மும்பைக்கு 36, மறுபடி 1.5. அடுத்து நின்று வெளியே போன ஏழாம் அணிகள் முறையே 27, 26, 33. உள்ளே போக உங்களுக்கு வேண்டியது ஏழாம் அணியைத் தாண்டுவதுதான். ஆறாம் அணி எடுத்த அத்தனை புள்ளியும் தேவை என்று இல்லை. உங்கள் மச்சானுக்கு இதை ஒரு தகவலாகச் சொல்லுங்கள்: அவருடைய சென்னையின் இந்த மூன்று சீசனிலும் சரியாக 27 புள்ளியில்தான் முடித்தது. முதல் தடவை எட்டாம் இடம், அடுத்த தடவை ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப், மூன்றாம் தடவை பதினோராம் இடம். அதே 27தான். ஆட்டங்களின் எண்ணிக்கையும் சுற்றி உள்ள அணிகளின் பலமும் மாறினால் ஒரே புள்ளி மூன்று விதமான விதி எழுதுகிறது. ஆகவே "இத்தனை புள்ளி எடுத்தால் உறுதி" என்று சீசன் பாதியிலேயே ஒற்றை எண் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அன்றைக்குக் கையில் இருந்த பழைய இரண்டு சீசன்களை மட்டும் வைத்து, 24 ஆட்டத்துக்கு விரித்துப் பார்த்தால் கோடு ஏறக்குறைய 29-க்கும் 36-க்கும் நடுவில் எங்கோ விழும் என்று வரும். அப்படியென்றால் பிளாஸ்டர்ஸுக்குத் தேவை மிச்ச நாலு ஆட்டத்தில் 5 முதல் 12 புள்ளி. கீழ் முனையில் இருந்தால் சுலபம், மேல் முனையில் இருந்தால் ஏறக்குறைய நடக்காது. இவ்வளவு அகலமான இடைவெளிதான் அன்றைய நேர்மையான பதில். நீங்கள் நம்பியதில் தப்பில்லை என்று சொல்வது இதனால்தான்.

இனி நம் அணி எவ்வளவு எடுக்கும் என்ற பக்கம். எளிய வழி, இதுவரை எடுத்த வேகத்தை அப்படியே நீட்டுவது. 20 ஆட்டத்தில் 24 என்றால் ஆட்டத்துக்கு 1.2, நாலு ஆட்டத்துக்கு 4.8, மொத்தம் 28.8. பிளாஸ்டர்ஸ் கடைசியில் முடித்தது 29. இவ்வளவு பொருத்தமாக எப்போதும் வராது, இதை ஜோசியம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரசிகன் மனசு சொல்லும் எண்ணைவிட இந்த மொட்டைக் கணக்கு பெரும்பாலும் பக்கத்தில் வரும் என்பது உண்மை. "கோச் மாறின பிறகு டீம் வேற மாதிரி ஆடுது, பழசைச் சேர்க்காதே" என்று நீங்கள் வாதாடியதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான வாதம். முதல் 12 ஆட்டத்தில் 11 புள்ளி. டிசம்பரில் கோச் மிக்கேல் ஸ்டாரே போன பிறகு அடுத்த 8 ஆட்டத்தில் 13 புள்ளி. ஆட்டத்துக்கு 1.6-க்குக் கொஞ்சம் மேலே. அந்தப் புது வேகத்தையே நீட்டினாலும் நாலு ஆட்டத்துக்கு ஆறரை, மொத்தம் 30, 31. ஏழாவதாக முடித்த ஒடிஷா 33. எட்டு ஆட்டம் என்பது ரொம்பச் சின்ன அளவு; அதில் முகமதன், பஞ்சாப், சென்னையின் என்று பட்டியலின் கீழ்ப்பாதி அணிகளை வென்ற புள்ளிகளும் இருந்தன. நான் கணக்குப் போட்டால் சீசன் முழுவதுக்கும் பாதி எடை, கடைசி எட்டு ஆட்டத்துக்குப் பாதி எடை கொடுப்பேன். இதற்குமேல் துல்லியம் தேடுவது வீண்.

சராசரி மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் 20 துண்டுச் சீட்டு போடுங்கள்: அதுவரை வென்றது 7, டிரா 3, தோற்றது 10, அந்தந்த எண்ணிக்கையில் எழுதிப் போடுங்கள். ஒரு சீட்டு எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி நாலு தடவை எடுத்தால் ஒரு "சீசன் முடிவு". அதை நூறு தடவை செய்தால், 12 புள்ளியும் முழுசாக வருவது ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். 9 புள்ளியோ அதற்கு மேலோ வருவது 12, 13 தடவை. எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள், எல்லாரும் தப்பு செய்வது அங்கேதான். திரும்பப் போடாவிட்டால் ஒரு வெற்றிச் சீட்டு வந்ததும் அடுத்த வெற்றிக்கான வாய்ப்பு தானாகக் குறைந்துவிடும், கணக்கு கெட்டுப்போகும். எல்லா ஆட்டத்தையும் சமமாக வைக்காமல் எதிரணி பார்த்துப் போடுவது இன்னும் நல்லது. அந்த நாலு ஆட்டம் கோவாவில் கோவா, கொச்சியில் ஜம்ஷெட்பூர், கொச்சியில் மும்பை, ஹைதராபாதில் ஹைதராபாத். என் மதிப்பீடாக வெற்றிக்கு முறையே நூற்றுக்கு 20, 45, 40, 45 என்று வைத்துப் பெருக்கினால் நாலையும் வெல்ல நூற்றுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. இந்த நாலு எண்ணும் ஊகம்தான். நீங்கள் ஒவ்வொன்றையும் பத்து கூட்டிப் பாருங்கள், அப்போதும் நூற்றுக்கு ஐந்தைத் தொடாது. ஊகத்தை இப்படி ஆட்டிப் பார்த்து, விடை பெரிதாக அசையவில்லை என்றால் அந்த விடையை நம்பலாம்.

இப்போது ரொம்பப் பேர் கவனிக்காமல் விடுகிற இடம், சமபுள்ளி. 2024-25 விதிப்படி ஐஎஸ்எல்லில் புள்ளி சமமானால் முதலில் பார்த்தது அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு. மொத்த கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வந்தது. இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்த்துப் பழகினவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள். 2024-25இல் பெங்களூரு, நார்த்ஈஸ்ட், ஜம்ஷெட்பூர் மூன்றும் 38 புள்ளி. மொத்த கோல் வித்தியாசத்தில் நார்த்ஈஸ்ட் மேலே இருந்தும் 3-ஆம் இடம் பெங்களூருக்குப் போனது இந்த விதியால்தான். நம் கணக்குக்கு வருவோம். பிளாஸ்டர்ஸ் நாலையும் வென்று 36 எடுத்திருந்தால்? மற்ற ஆட்டங்கள் நடந்தபடியே நடந்ததாக வைத்துக்கொண்டால் ஜம்ஷெட்பூர் ஒரு புள்ளி குறைந்து 37-க்கு வரும், மும்பை 36-இலேயே நிற்கும். அப்போது ஆறாம் இடத்துக்கு மும்பையும் பிளாஸ்டர்ஸும் நேருக்கு நேர். நவம்பர் 3 அன்று மும்பையில் 4-2 தோல்வி. மார்ச் 7 அன்று கொச்சியில் 1-0 வெற்றி. இரண்டையும் கூட்டினால் மும்பை 4, பிளாஸ்டர்ஸ் 3. முடிந்தது. நாலு ஆட்டத்தையும் வென்றும் வெளியே நின்றிருப்போம். அந்த நவம்பர் ஆட்டம் நடந்தபோது சீசனில் பாதிகூட ஆகவில்லை. தோல்விதானே, அது 3-2 ஆக இருந்தால் என்ன 4-2 ஆக இருந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றியிருக்கும். அந்த நாலாவது கோல்தான் இந்தக் கணக்கில் சுவராக நின்றது. ஆகவே உங்கள் நோட்டில் "உச்சம்", "விட்ட புள்ளி" என்ற இரண்டு பத்தியோடு மூன்றாவதாக, பக்கத்து அணிகளோடு நம் அணி ஆடிய இரண்டு ஆட்டத்தின் ஸ்கோரையும் எழுதி வையுங்கள். எதிரில் உள்ள அணியோடு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தால், "ஜெயிக்க வேண்டும்" என்பதோடு "எத்தனை கோலில்" என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மேலே உள்ள அணிகள் ஒன்றோடொன்று மோதும்போது யாருக்குக் கை தட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு நீங்கள் 27-இல் எட்டாம் இடம், ஏழாம் அணி 29, ஆறாம் அணி 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரையும் தாண்டினால்தான் உள்ளே. அவர்கள் மோதி டிரா ஆனால் 31, 30. யாராவது வென்றால் ஒருவர் 32-க்கோ 33-க்கோ போய்விடுவார். உங்களுக்கு டிராதான் நல்லது. அதே 30, 29 என்பது ஐந்தாம், ஆறாம் அணிகளாக இருந்து, நீங்கள் 27-இல் ஏழாவதாக இருந்தால், ஒருவரைத் தாண்டினால் போதும். அப்போது ஒருவர் தோற்பதுதான் வேண்டும், முக்கியமாக 29-இல் இருப்பவர். வெற்றி தோல்வியில் மொத்தம் மூன்று புள்ளி பட்டியலுக்குள் வருகிறது, டிராவில் இரண்டுதான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாரமும் இதை நீங்களே பிரித்துவிடலாம். செய்திகளில் போடும் உச்சப் பட்டியலின் ஓட்டையும் இதுதான்: ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டிய இரண்டு அணிகளுமே எல்லாவற்றையும் வென்றுவிடும் என்பதுபோல அது காட்டும்.

"ஷீல்ட் ஜெயிச்ச டீம் கடைசி மேட்ச்ல சும்மா ஆடும்" என்ற பேச்சுக்கு நான் பெரிய மதிப்பு கொடுக்க மாட்டேன். மோகன் பகான் 2025 பிப்ரவரி 23 அன்றே ஷீல்டை, அதாவது லீக் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசை, உறுதி செய்துவிட்டது. அதன் பிறகு மும்பையில் 2-2 டிரா, சொந்த ஊரில் இரண்டாம் இடத்துக் கோவாவை 2-0 வென்றது. ஒரு பக்கம் நழுவல், ஒரு பக்கம் முழு வேகம். இதிலிருந்து ஒன்றும் தேறாது. மறுபக்கமும் பாருங்கள்: மார்ச் 1 அன்று ஜம்ஷெட்பூரோடு 1-1 டிரா ஆனதும் பிளாஸ்டர்ஸின் உச்சம் 31-க்கு இறங்கியது, மும்பை ஏற்கெனவே 33. கதவு மூடியாயிற்று. ஆனாலும் மார்ச் 7 அன்று மும்பையை 1-0 வென்றார்கள். அந்த வெற்றி நமக்கு ஒன்றும் தரவில்லை. 33-இல் ஆட்டங்களை முடித்துக் காத்திருந்த ஒடிஷாவின் உயிரை மார்ச் 11 வரை பிடித்துவைத்தது. அன்று மும்பை பெங்களூரில் போய் 2-0 வென்று இடத்தை எடுத்துக்கொண்டது. சரி, அப்படிப் போன மும்பை, நாக்-அவுட்டில் மார்ச் 29 அன்று அதே கண்டீரவா மைதானத்தில் அதே பெங்களூரிடம் 5-0 தோற்றது. பதினெட்டு நாளில். ஒற்றை ஆட்டத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று கிடைக்காது.

உள்ளே போவதன் மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று சீசனில் ஆறு நாக்-அவுட் ஆட்டம் நடந்தது. ஐந்தில் சொந்த மைதானத்து அணியே வென்றது. விலக்கு, 2025இல் ஷில்லாங்கில் நார்த்ஈஸ்டை 2-0 வென்ற ஐந்தாம் இடத்து ஜம்ஷெட்பூர் மட்டும். ஆறாம் அணி மூன்று தடவையும் அந்த முதல் ஆட்டத்திலேயே வெளியே. பிளாஸ்டர்ஸ் 2023இல் பெங்களூரிலும் 2024இல் புவனேஸ்வரத்திலும் ஐந்தாம் அணியாகப் போய், இரண்டு தடவையும் கூடுதல் நேரத்தில் போய்விட்டது. ஆறு ஆட்டம் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்து ஆறாம் அணி ஜெயிக்கவே ஜெயிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆறுக்கும் ஏழுக்கும் உள்ளதற்குக் கிட்டத்தட்ட சமம் என்று சொல்லத் துணிவேன். ஏனென்றால் நாலாவதாக வந்தால் ஆட்டம் நம் கொச்சி மைதானம் இருக்கும் கலூரில், ஐந்தாவதாக வந்தால் வேறு எங்கோ.

டிக்கெட் விஷயம். பிளே-ஆஃப் நம்பிக்கையில் முன்கூட்டி எடுப்பதாக இருந்தால், மிச்ச ஹோம் மேட்சில் நேரடிப் போட்டி அணியோடு நடப்பதைப் பிடியுங்கள், அதற்கு முந்தைய ஆட்டம் முடிந்த இரவே உச்சத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். உச்சம் ஆறாம் அணியின் இன்றைய புள்ளிக்குக் கீழே போய்விட்டால் அதோடு பிளே-ஆஃப் பேச்சு முடிந்தது. அப்புறம் போவது ஆட்டத்துக்காக. ஏழரை மணி ஆட்டம் முடிந்து பாலக்காடு வழியாக வீடு சேரும்போது நடுராத்திரி தாண்டிவிடும் என்பதால், மறுநாள் வேலைக்குப் போகிறவர் சனி, ஞாயிறு ஆட்டமாகப் பார்ப்பது நல்லது. 2025 மார்ச் 7 வெள்ளிக்கிழமை. கணக்கு முடிந்துபோன அந்த ஆட்டத்துக்குப் போனவர்கள் ஒரு வெற்றியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மச்சான் சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.